மாற்றல் வந்த ஆடி

எங்கள் வீட்டில் சோறு, சாமி இரண்டுக்கும் முன்னால் வந்து நிற்கும் சொல் ஒன்று இருந்தது. மாற்றல். எழுத்தில்தான் மாற்றல், வாயில் வரும்போது மாத்தல்.

அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் குமாஸ்தா. எந்த இலாகா என்பது இங்கே வேண்டாம். ஓர் ஊரில் ஒன்றரை வருஷம் தொடர்ந்து இருந்தால் எங்களுக்கு அது நீண்ட காலம். எனக்குப் பத்து வயது ஆவதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் பார்த்தது எட்டு.

அந்தச் சொல்லை ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் சொல்வது போல "மாத்தல் வந்துட்டு" என்பாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர்கள் "உங்களுக்கு மாத்தலாமே" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டுக்கொண்டே, வீடு எப்போது காலியாகும் என்று சுவரையும் கூரையையும் நோட்டம் விடுவார்கள். அக்கா சுருக்கமாக "ஆர்டர்" என்று மட்டும் சொல்வாள். அப்பா சொல்வது "மாத்திட்டான்". யார் மாத்தினான் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நானாக ஓர் ஆளை உண்டாக்கி வைத்திருந்தேன். பெரிய மீசை, முன்னால் விரித்துவைத்த தேசப்படம், கையில் நீளக் குச்சி. தாயக்கட்டத்தில் காய் நகர்த்துவது போல அவன் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால், நாங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து கடையநல்லூருக்குப் போய் விழுவோம்.

எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேலைகளாகத்தான் தெரியும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் மாட்ட வேண்டும். கீரை விதைக்கலாம், முருங்கைக் கம்பு ஊன்றக் கூடாது. நான்கு டிரங்குப் பெட்டிகளில் ஒன்றை முழுதாகக் காலி செய்யக் கூடாது, ஏனென்றால் காலி செய்த மறுவாரமே மாத்தல் வந்ததாக அம்மாவிடம் இரண்டு சாட்சியங்கள் இருந்தன. புது ஊரில் யாரோடும் உயிராகப் பழகக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்துவிட்டது.

சங்கரன்கோவிலுக்கு நாங்கள் வந்தபோது சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வடக்கு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டின் அடுத்த பகுதியில். அக்கா ஐந்தாம் பாரத்தின் மிச்சத்தை முடித்து ஆனியில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் போனாள். அவள் வகுப்பில் மொத்தம் மூன்று பெண்கள். பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதில் தேறினால் பாளையங்கோட்டைக்குப் போய் வாத்தியார் பயிற்சி படிப்பது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

வேறு ஒரு தீர்மானமும் காத்திருந்தது. வாசுதேவநல்லூரில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவைத்திருந்தார். நெல் மில்லுக்காரர் மகன். மாமா ஒவ்வொரு பஸ்ஸிலும் மாப்பிள்ளை வீட்டாரின் அவசரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். கடைசியில் அப்பாவும் மாமாவும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பிள்ளை பரீட்சை எழுதட்டும், ஆனால் படிப்பு நடுவில் நின்றால் அந்தத் தையிலேயே கல்யாணம். அப்பா தலையாட்டினார். அந்தப் பேச்சு முடிந்த அன்று அக்கா கொல்லைப்புறம் போய் வெகுநேரம் துணி துவைத்தாள். துவைக்க அவ்வளவு துணி வீட்டில் இல்லை.

ஆக, அந்த வருஷம் மட்டும் மாத்தல் வரக் கூடாது.

ஆனால் வரும் அறிகுறிகள் தெரிந்தன. இன்று யோசித்தால் எல்லா ஊரிலும் ஒரே வரிசையில்தான் வந்திருக்கின்றன. முதல் மாதம் அப்பா "ஊருன்னா இதுதான் ஊரு" என்பார். மூன்றாம் மாதம் தண்ணீர் உப்பாகிவிடும். ஐந்தாம் மாதம் மேலதிகாரிக்கு ஒன்றும் தெரியாது என்று தெரியவரும். ஏழாம் மாதம் வீட்டின் நிலைப்படி தலையில் இடிக்க ஆரம்பிக்கும், அதுவரை இடிக்காத நிலைப்படி. அப்புறம் நடை. முன்கூடமான பட்டாசலிலிருந்து அடுக்களை வரை, அடுக்களையிலிருந்து பட்டாசல் வரை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே. ஆனி கடைசியில் நடை தொடங்கிவிட்டது. ஆடிக் காற்றும் அப்போதுதான் தொடங்கியது. மேற்கே மலையிலிருந்து புறப்பட்ட காற்று ஊருக்குள் வரும்போது புழுதியாக வந்தது. கதவுகள் நாள் முழுவதும் அடித்துக்கொண்டன. சாத்தினால் புழுக்கம், திறந்தால் சோற்றில் மண். வீட்டில் யாராலும் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை.

அம்மா நேர்ந்துகொண்டாள். அந்த ஊருக்கு வழக்கமான நேர்த்திதான். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் சனங்கள் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள், நாம் சுற்றச் சுற்ற அவள் கால்வலி குறையும் என்பது நம்பிக்கை. ஆடிச்சுற்று என்று பெயர். அம்மா நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டாள். நாளுக்குப் பன்னிரண்டு வீதம் ஒன்பது நாள். வேண்டுதல் ஒன்றே ஒன்று, இந்த வருஷம் மாத்தல் வரக் கூடாது.

துணைக்கு அப்பா போனார். எண்ணிக்கை அவர் பொறுப்பு. சட்டையின் இடது பையில் பன்னிரண்டு புளியங்கொட்டை எடுத்துக்கொள்வார். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். முதல் இரண்டு நாள் நானும் போனேன். இரண்டாம் நாள் கூட்டத்தில் யாரோ இடித்ததில் கொட்டையை மாற்றினாரா இல்லையா என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, பன்னிரண்டு ஆகிவிட்டது என்று சாதித்தாள். அப்பா விடவில்லை. சாமி காரியத்தில் குறை வைக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் ஒன்று கூடச் சுற்றிவிடு என்று அவளை நடத்திக்கொண்டு போனார். அவ்வளவு நேர்மையான எண்ணிக்கையை நான் பிற்பாடு வேலை பார்த்த இடங்களில்கூட அதிகம் கண்டதில்லை.

கடைசிப் பன்னிரண்டு சுற்று தபசு நாள் காலையில் வந்தது. அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே போய்விட்டார்கள். அக்கா அன்று வீட்டுக்கு விலக்கு. கொல்லைப்புறச் சாய்ப்புக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் போகக் கூடாது, வீட்டுக்குள் வரக் கூடாது, எதையும் யாரையும் தொடக் கூடாது. தண்ணீர் ஊற்றவும், ஏவினதைச் செய்யவும் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். திருவிழா நாளில் எனக்குக் கிடைத்த வேலை இது. கோயில் மேளம் காற்றில் வருவதும் அறுவதுமாக இருந்தது. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணி இருக்கும். அப்பா ஆபீஸ் பியூன் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்தார். கோயிலுக்குப் போகிற வழியாம். அப்பா முந்தின நாள் லீவு, சாயங்காலத் தபாலில் அவருக்கு ஒரு கவர் வந்திருந்ததாம். நீளமான பழுப்புக் கவர். அதன் நிறமும் நீளமும் எனக்குத் தெரியும். சிலருக்குப் பாம்பு தெரிவது போல.

"அப்பாட்ட குடு, பாப்பா. நல்ல சேதிதான்" என்றார் பியூன்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

அக்கா கவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். நான் ஓடி வரும்போதே யோசித்து வைத்திருந்த இடங்களை மூச்சுவிடாமல் சொன்னேன். கிணறு, குலுக்கையில் நெல்லுக்குள், வீட்டுக்காரர் வைக்கோல் போர், கடைசியாக அடுப்பு. அக்கா சாய்ப்புக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். மூன்று எட்டில் சுவர் வந்துவிடும், திரும்புவாள். அப்பா நடை மாதிரியே இருந்தது.

"எந்த ஊருன்னு முதல்ல தெரியணும்" என்றாள். "ஹைஸ்கூல் இருக்கிற ஊராயிருந்தா பிழைச்சேன். பிரிட்டி."

தபால்தலைகளை உரித்துச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஈரத் துணியை ஒட்டின இடத்தில் வைத்து எடுத்தால் கிழியாமல் வந்துவிடும். அப்படியே செய்தேன். உள்ளே இங்கிலீஷில் டைப் அடித்த ஒற்றைத் தாள். அக்கா அதைத் தொட முடியாது, என்னையும் தொட முடியாது. நான் மூன்றடி தள்ளி நின்று தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். காற்று பறித்தது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அக்கா குனிந்து, கண்ணைச் சுருக்கி, உதடு அசையப் படித்தாள்.

ஊர்ப் பெயரைச் சொன்னாள். கரிசல்காட்டுக்குள் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அவ்வளவுதான், தையில் கல்யாணம் என்று நான் தாளை மடிக்கப் போனேன்.

"இரு. கடைசி வரியைக் காட்டு."

காட்டினேன்.

"கொஞ்சம் மேல தூக்கு."

தூக்கினேன். என் கை வலிக்கும் வரை அதையே படித்தாள். நீளமான வரியும் இல்லை. அதன் கடைசி நான்கு சொற்கள் இவை: அட் ஹிஸ் ஓன் ரிக்வெஸ்ட். அவரே கேட்டுக்கொண்டபடி என்று அர்த்தம். இன்று எனக்குத் தெரிகிறது. அன்று இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் தெரியும். கடைசிச் சொல்லில் கியூ இருக்கிறது, அதை எழுதுவது கஷ்டம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் நடக்கவில்லை.

எங்கே ஒளிக்கட்டும் என்று கேட்டேன். ஒளிக்க வேண்டாம், பழையபடி ஒட்டி அப்பா மேசையில் வை என்றாள். எனக்குப் புரியவில்லை. நீ பரீட்சை எழுத வேண்டாமா என்று கேட்டேன்.

"வையிட்டி, சொல்லுதேன்லா." கொஞ்சம் கழித்து, "பிரிச்சதை அம்மாட்ட சொல்லாத. என்ன ஆனாலும் சொல்லாத" என்றாள்.

சர்க்கார் கவரைப் பிரித்தது பெரிய குற்றம், அதற்காகப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி மேசையில் வைத்தேன்.

வெயில் ஏறின பிறகு அவர்கள் வந்தார்கள். அம்மாவின் பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன, முகம் மட்டும் புதிதாகத் துலக்கினது போல இருந்தது. கோயில் பிரசாதமான புற்றுமண் கொண்டுவந்திருந்தாள். என் நெற்றியில் வைத்துவிட்டு, அக்காவுக்கு ஒரு துண்டு இலையில் மடித்து மாடத்தில் வைத்தாள். அப்பா மேசைக்குப் போனார். கவரை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிரித்துப் படித்தார். பெருமூச்சு விட்டார்.

"மாத்திட்டான்" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நூத்தெட்டு முடிச்சு இன்னும் காலுகூடக் கழுவலியே" என்றாள்.

"நம்ம கையிலயா இருக்கு?" என்றார் அப்பா. அதைச் சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். வலது பையிலிருந்த புளியங்கொட்டைகள் தரையில் சிதறின. பொறுக்கப் போனேன், பன்னிரண்டும் இருந்தன.

கொல்லையில் அக்கா தன் அலுமினியத் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. வைத்தாளா, போட்டாளா தெரியாது.

அன்று சாயங்காலம் ஊரே தபசுக்காட்சி பார்க்கப் போயிருந்தது. பனவடலிசத்திரம் பக்கத்து விவசாயிகள் மண்டபத்தில் தங்கள் விளைச்சலைப் பருத்தியும் மிளகாய் வத்தலுமாக வாரி இறைத்துச் சூறைவிட்டார்களாம், வீட்டுக்காரர் மகள் வந்து சொன்னாள். நாங்கள் போகவில்லை. அம்மா பெட்டிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். காலையில் பித்தளைப் பாத்திரங்களைக் கட்டுவாள், மத்தியானம் குழம்புச் சட்டிக்காக அவிழ்ப்பாள். மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொல்வாள், எழுதப் போனால் வேண்டாம் என்பாள். அப்பாவின் நடை மட்டும் நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் நேரப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். சாப்பிடும்போது அந்தக் கரிசல் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்குமாம் என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். பாவம், நமக்காகச் சிரித்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு நேராகப் பட்டாசலுக்குப் போனாள். அப்பா ஒரு பெட்டியின் மேல் முழங்காலை வைத்துக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையில். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தேன்.

"இந்தத் தடவை நீங்க மட்டும் போங்கப்பா" என்றாள் அக்கா.

"என்னட்டி சொல்லுத?"

"பரீட்சை முடிஞ்சதும் நாங்க வாரோம். ஆர்டரை நான் படிச்சேன்."

குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டது. அப்பா முழங்காலை எடுக்கவில்லை, கயிற்றை விடவும் இல்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கவரைப் பிரித்தது வெளியே வந்துவிட்டது, இப்போது அடி விழும் என்று நான் கயிற்றை விட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

"அம்மாட்ட..." என்றார் அப்பா.

"சொல்லல."

வெளியே காற்று ஒரு கதவை அடித்துத் திறந்தது.

"சரி" என்றார்.

உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அரைமணி நேரம் வாதாடுகிறவர் அப்பா. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரே ஒரு சரி. அம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். பெரியவள் படிப்பு கெடக் கூடாது, குடும்பம் பங்குனி வரை இங்கேயே இருக்கட்டும், வாசுதேவநல்லூருக்கும் அப்படியே எழுதிவிடுகிறேன் என்றார். அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கோயில் திசையில் கும்பிட்டாள்.

"கேட்டதுல பாதி குடுத்துட்டா" என்றாள். "இந்த ஊருச் சாமியே பாதி சிவன், பாதி பெருமாள்னுதான நிக்கி. முழுசா எப்படிக் குடுக்கும்?"

நாலு நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான். அப்பாவும் சிரித்தார். அக்கா பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, வீட்டில் இருக்க வேண்டிய சாமான்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள்.

அக்கா அந்தப் பங்குனியில் பரீட்சை எழுதினாள், தேறினாள், பாளையங்கோட்டைக்கும் போனாள். நெல் மில்லுக்காரர் மகனுக்கு வேறிடத்தில் பெண் கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அப்பா புறப்பட்ட காலையைப் பற்றி.

விருதுநகர் வண்டிக்கு அக்காவும் நானும் ஸ்டேஷன் வரை போனோம். கால் இன்னும் வற்றவில்லை என்று அம்மா வரவில்லை. ஒரு டிரங்கு, ஒரு படுக்கைச் சுருள், ஒரு கூஜா. அவ்வளவு குறைந்த சாமானோடு அப்பாவை நான் பார்த்ததில்லை. இந்த உலகத்தில் யாருமில்லாத மனுஷர் போல இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் தனியாகத் தள்ளிக்கொண்டு போகிறார்களே என்று விம்மினேன். அப்பா என் தலையைத் தடவினார். வண்டி வந்ததும் சாமானை அவரே தூக்கி ஏற்றினார், சின்னப் பையன் மாதிரி ஒரே தாவில் ஏறினார். ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, எதிரில் இருந்தவரிடம் எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பங்குனி வரைக்கும் அங்கனயே இருங்கப்பா" என்றாள்.

அப்பா பேச்சை நிறுத்தினார். எதிரில் இருந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வண்டி நகர்ந்தது. அக்கா கம்பியை விடாமல் நான்கைந்து அடி கூடவே நடந்துவிட்டுப் பிறகு விட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் புழுதி. முகத்தைத் தாவணியால் மூடிக்கொண்டு அக்கா வேகமாக நடந்தாள். நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அப்பாவிடம் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இருப்பதும் போவதும் அவர் கையிலா இருக்கிறது? மேலேயிருந்து காகிதம் வருகிறது, அவர் என்ன செய்வார்? அவரே மனசு உடைந்து போகிறார், அந்த நேரத்தில் முடியாததைக் கேட்டால் இன்னும் கஷ்டமாக இருக்காதா?

அக்கா நடையைக் குறைத்தாள்.

"அப்படியா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லி, மாற்றல் என்றால் என்ன, அது எப்படி வருகிறது என்று முதலிலிருந்து தொடங்கினேன். வடக்கு ரத வீதி திரும்பும் வரை அவள் ஓர் இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆறாம் பாரம் படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது.